வெள்ளைச் சுவரும் ஐப்பசி மழையும்

குன்னூர் வீட்டை ஸ்காண்டிநேவிய பாணிக்கு மாற்றிய பிறகு வரும் முதல் ஐப்பசி இது. அந்த வட ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்துப் பகல் மிகவும் குறுகியது; கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தையும் வீணாக்காமலிருக்கத்தான் வெள்ளைச் சுவரும் வெளிர்நிற மரமும். எங்கள் மூடுபனிக்கும் பொருந்தும் என்று நம்பினேன். பொருந்தியது, பூஞ்சணம் வரும்வரை! வடக்குச் சுவர் முழுக்க மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். வினிகர் தொட்டுத் துடைத்தால் மறைகின்றன. மறுவாரம் அதே இடத்தில் ஆஜர்.

டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன் 1958இல் வடிவமைத்த, கண் கூசாத பிஎச் 5 விளக்குக்கு ஆசைப்பட்டேன். விலையைப் பார்த்ததும் கண் கூசிவிட்டது.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது" என்கிறார் அத்தை. அந்தப் பாணிக்குரிய பைன் மரத்துக்குப் பதிலாக, தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கில் தச்சர் செய்துதந்த முக்காலி மட்டும் அவருக்குப் பிடித்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் தினமும் பட்டாணி உரிக்கிறார். தோல் முழுவதும் என் வெள்ளைக் கம்பளத்தில்.