புழுதியில் விதைத்தவர்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நான் சொன்ன ஆலோசனை ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. காலபோக மழை தொடங்குமுன், செப்டெம்பர் பிற்பகுதியில், காய்ந்த நிலத்தை உழுது ஈரமில்லாத மண்ணில் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு புசல் நெல்லை எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதைப் புழுதி விதைப்பு என்பார்கள். வன்னியின் மானாவாரி வயல்களில் அது பழைய வழக்கம். முதல் மழை நன்றாக விழுந்தால் பயிர் முந்திக்கொண்டு எழும்பும்; மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு மழை நின்றுபோனால், முளை மண்ணுக்குள்ளேயே கருகிவிடும்.

2018 ஆம் ஆண்டு, கண்டாவளைப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வயலைத் தனியாகச் செய்துவந்த ஓர் அக்காவிடம், மழை நிலைத்தபின் விதைக்கும்படி சொன்னேன். “தம்பி, மழை விழுந்தாப்பிறகு என்ர வயலுக்குள்ள மிசின் இறங்காது. அதுதான் எனக்குப் பயம்” என்றார். ஆனாலும் என் சொல்லை மதித்துக் காத்திருந்தார். அவர் பயந்தபடியே நடந்தது. வயல் சேறாகி, உழவு இயந்திரம் உள்ளே இறங்க வழியில்லாமல் நாட்கள் கழிந்து, நவம்பர் நடுப்பகுதியில்தான் விதைக்க முடிந்தது. டிசம்பர் 21 இரவு பெருமழை கொட்டியது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. முழங்காலுக்குக்கூட வளராத அவருடைய பயிர் நாட்கணக்கில் வெள்ளத்துக்குள் கிடந்து அழுகியது. புழுதியில் விதைத்த பக்கத்து வயலிலும் பள்ளப் பகுதி அழிந்தது. மேட்டில் நின்ற பயிர் மட்டும் தண்ணீருக்கு மேல் தலைநீட்டி நின்று தப்பியது.

புழுதி விதைப்பை அதுவரை நான் துணிச்சல் என்றே எண்ணியிருந்தேன். ஒக்டோபரில் விதை கருகினால் போவது விதைநெல்லும் ஓர் உழவுக் கூலியும்தான். மறுபடி விதைக்க நாளிருக்கும். டிசம்பரில் பயிர் அழிந்தால் போகமே போய்விடும், அடைவு வைத்த நகையும் மீளாது. மீட்கக்கூடிய இழப்பை முன்னே ஏற்றுக்கொண்டு, மீட்க முடியாத இழப்பிலிருந்து விலகவே அவர்கள் புழுதியில் விதைத்தார்கள். நானோ முதல் இழப்பை மட்டும் கணக்கிட்டு எச்சரித்தேன். என் கணக்கு பிழைத்தபோதும் மாதம் முடிய எனக்குச் சம்பளம் வந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டபோது, முடிவெடுத்தவர்கள் ஒரு பக்கமும் விளைச்சல் குறைந்து நட்டப்பட்டவர்கள் மறுபக்கமும் நிற்பதை மீண்டும் கண்டேன்.

அடுத்த காலபோகத்தில் அந்த அக்கா என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. இரண்டு ஏக்கரைப் புழுதியில் விதைத்தார். ஒரு ஏக்கரை விட்டுவைத்தார். விதைத்தது கருகினால் மறுபடி எறிவதற்கென்று மூன்று மாத நெல்லான பிஜி 300 இல் ஒரு மூடையை வீட்டுக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். முந்தின ஆண்டு எனக்குக் கற்பித்ததைவிட அவருக்கு எவ்வளவோ கற்பித்திருந்தது.

முதல் மழைக்கு மறுநாள் அவருடைய வயலுக்குப் போனேன். அவர் குந்தியிருந்து மண்ணை விரலால் விலக்கி, ஒரு நெல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உமி பிளந்து, நூல்போல வெள்ளை வேர் ஒன்று வெளியே வந்திருந்தது. “இன்னும் ஒரு மழை வேணும் தம்பி” என்றார். இம்முறை நான் ஒன்றும் சொல்லாமல் அவரோடு வரம்பில் நின்று, கிழக்கே மழை இருட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.