கொவதோங்கா: பாறைக்குள் குடியிருக்கும் சின்ன மாதா

ஸ்பெயின் என்றால் வெயிலும் காய்ந்த புல்வெளியும்தான் என்று நினைத்துக்கொண்டு வடக்கே போகிறவர்களுக்கு அஸ்தூரியாஸ் மாகாணம் ஒரு ஆச்சரியம். மாட்ரித்தில் இருந்து ரயிலில் லெயோன் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே மண் நிறம்தான். அப்புறம் மலையைக் குடைந்து போட்ட பஹாரெஸ் சுரங்கம் வருகிறது, கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். 2023 நவம்பரில்தான் திறந்தார்கள். உள்ளே நுழையும்போது பளிச்சென்று இருந்த வானம், வெளியே வரும்போது மேகமும் தூறலுமாக மாறிவிடுகிறது. எங்கே பார்த்தாலும் பச்சை. அட்லாண்டிக் கடலில் இருந்து வரும் மேகங்களை காந்தாப்ரிய மலைத்தொடர் மறித்து, மழையை எல்லாம் வடக்குப் பக்கமே இறக்க வைத்துவிடுகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்த மாதிரி கிடக்கும் அந்தப் பச்சை நிலத்தில்தான் கொவதோங்கா மாதா இருக்கிறார்.

நேராக அங்கே போகாமல் முதலில் அஸ்தூரியாஸின் தலைநகர் ஒவியேதோவில் இறங்கினோம். அங்கே சான் சால்வதோர் பேராலயத்துக்குப் போகாமல் வரக்கூடாது. "சந்தியாகோவுக்குப் போய்விட்டு சால்வதோருக்குப் போகாதவன், வேலைக்காரனைப் பார்த்துவிட்டு எசமானைப் பார்க்காமல் வந்தவன்" என்று அந்தக் காலத்து யாத்திரிகர்கள் சொல்வார்களாம். சந்தியாகோவில் இருப்பது யாக்கோபின் கல்லறை, அவர் சீடர்தானே, இங்கே இருப்பவர் சால்வதோர், அதாவது மீட்பரான ஆண்டவர் இயேசு என்பது கணக்கு. பேராலயத்துக்குள் 'புனித அறை' என்ற பழைய சிற்றாலயத்தில், இயேசுவின் முகத்தை மூடியது என்று நம்பப்படும் துணியை வைத்திருக்கிறார்கள். அதை எல்லா நாளும் காட்டுவதில்லை. பெரிய வெள்ளி, செப்டம்பர் 14, செப்டம்பர் 21 ஆகிய நாட்களில்தான் மக்கள் முன் காட்டுகிறார்கள். நாங்கள் பார்த்தது, அஸ்தூரியாஸ் கொடியில் இருக்கும் வெற்றிச் சிலுவையை. தங்கமும் கற்களும் பதித்தது, 908ல் செய்தது.

ஒவியேதோவில் இருந்து காங்காஸ் தே ஒனீஸ் என்ற சின்ன ஊருக்குப் பேருந்து. வழியெல்லாம் தூண் மேல் நிற்கும் மரக் குதிர்கள். எலியும் ஈரமும் ஏறாமல் இருக்க, தூணுக்கும் குதிருக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல்லை வைத்திருக்கிறார்கள். காங்காஸில் எல்லோரும் பழைய கல் பாலத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'ரோமானியப் பாலம்' என்று பெயர்தான், கட்டியது இடைக்காலத்தில். என்னைக் கேட்டால் பாலத்தை விட அங்கே இருக்கும் சாந்தா குரூஸ் சிற்றாலயம் முக்கியம். 737ல், அஸ்தூரியாஸின் முதல் அரசர் பெலாயோவின் மகன் ஃபாவிலா கட்டிய கோயில். இப்போது நிற்பது 1936-39 உள்நாட்டுப் போரில் இடிந்த பிறகு திரும்பக் கட்டியது. உள்ளே போய்த் தரையைப் பார்த்தால் குழிக்குள் பெரிய பெரிய கற்பலகைகள் நிற்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை அது. அதன் மேல்தான் பீடம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் வருவதற்கு முன்பே அது யாரோ கைகூப்பிய மண். பாவம் ஃபாவிலா, கோயில் கட்டிய இரண்டு வருஷத்தில் வேட்டைக்குப் போன இடத்தில் கரடி கொன்றுவிட்டதாம்.

அங்கிருந்து கொவதோங்கா சுமார் பத்து கிலோமீட்டர். பள்ளத்தாக்கு ஒடுங்கிக்கொண்டே போய், ஒரு வளைவில் திடீரென்று செங்குத்தான பாறைச் சுவர் எதிரே நிற்கிறது. அதன் நடுவில் ஒரு வாய் திறந்த மாதிரி கெபி, அதாவது குகை. கெபிக்குக் கீழே பாறையைப் பிளந்துகொண்டு அருவி ஒன்று குளத்தில் விழுகிறது. மாதா கோயில்களில் சிமென்டைக் குழைத்துக் கட்டிய கெபிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மலையே கெபியாக நிற்பதைப் பார்த்ததும் கை தானாகச் சிலுவை போட்டுவிட்டது.

மேலே போக இரண்டு வழி. குளத்தருகே இருந்து செங்குத்தாக ஏறும் படிக்கட்டு ஒன்று. நேர்ந்துகொண்டவர்கள் இதில் முழங்காலிலேயே ஏறுவதுண்டு. இன்னொன்று, பேராலயத்துப் பக்கம் இருந்து பாறையைக் குடைந்த சுரங்கம். என் மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் சுரங்க வழியில் போனோம். ஈரப் பாறை, மெழுகுவர்த்தி வாசனை, முன்னால் போகிறவர்களின் செருப்புச் சத்தம். சுரங்கம் முடியும் இடத்தில் வெளிச்சமும் அருவி இரைச்சலும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கின்றன.

மாதா சொரூபம் சின்னது. மரத்தில் செய்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் பொன் மலர், தலையில் கிரீடம், தோளில் இருந்து விரியும் பட்டு மேலாடை. அந்த மேலாடையை அவ்வப்போது மாற்றி உடுத்துகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இவரை 'சாந்தினா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னப் புனிதை என்கிற மாதிரி, வீட்டுக் குழந்தையைச் செல்லமாக அழைக்கும் அழைப்பு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி ஜெபமாலையை எடுக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் சாதாரணக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை சலித்துக்கொண்ட மாதிரி கையை விரித்தார். மொழி தெரியாவிட்டால் என்ன, அது என்ன பேச்சு என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தச் சொரூபத்துக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. 1777ல் கெபியில் இருந்த மரக் கோயில் எரிந்து, பழைய சொரூபமும் போய்விட்டது. அடுத்த வருஷம் ஒவியேதோ பேராலயம் கொடுத்ததுதான் இப்போது இருப்பது. உள்நாட்டுப் போரின்போது இதுவும் காணாமல் போய், கடைசியில் 1939ல் பாரிஸில் இருந்த ஸ்பெயின் தூதரகத்தில் கிடைத்தது. அந்த வருஷமே ஊர் ஊராக மக்கள் வரவேற்க, மலைக்குத் திரும்பி வந்தார்.

பீடத்துக்கு அருகே பாறைப் பொந்தில் பெலாயோவின் கல்லறை. இங்கேதான் 722ல் அவர் தன் ஆட்களோடு ஒதுங்கி, அப்போது ஸ்பெயினின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த முஸ்லிம் படையை முறியடித்ததாக வரலாறு. மாதா துணை நின்றதால் எதிரிகள் எறிந்த கற்களும் அம்புகளும் அவர்கள் மேலேயே திரும்பின என்கிறது ஒன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் குறிப்பு. எதிரிப் படை 1,87,000 பேராம்! இந்தப் பள்ளத்தாக்கில் அத்தனை பேர் நிற்கவே இடம் போதாது. அரபு எழுத்தாளர்கள் சொல்வது நேர் எதிர்: மலையில் முப்பது பேர் மிஞ்சினார்கள், பாறை இடுக்கில் கிடைத்த தேனைத் தின்று உயிர் வைத்திருந்தார்கள், முப்பது பேரால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம் என்கிறார்கள். இரண்டில் எனக்குப் பிடித்தது அந்தத் தேன் கதைதான். தலபுராணக் கணக்கில் லட்சம் வரும், போகும். பசியோடு பாறைக்குள் ஒளிந்திருந்தவர்களை ஒரு தாய் காப்பாற்றினாள் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமில்லை. அதை அப்புறம் நாட்டின் வெற்றி, மதத்தின் வெற்றி என்று ஊதிப் பெருக்கியதில்தான் எனக்கு ஒட்டவில்லை.

அந்தப் பெருமைக்காகக் கட்டியது எதிரே குன்றின் மேல் நிற்கும் பேராலயம். 1877ல் தொடங்கி 1901ல் முடித்தது. இளஞ்சிவப்புக் கல்லில் இரட்டைக் கோபுரம், பச்சை மலைக்கு முன்னால் எடுப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே சிறுவர் பாடகர் குழு பாடும்போது கேட்டால் மனம் கரையும். ஆனாலும் கூட்டத்தைப் பாருங்கள், பேராலயத்தில் படம் எடுத்துவிட்டு, ஜெபிக்கக் கெபிக்குத்தான் வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

கீழே குளத்தருகே ஏழு குழாய்களில் ஊற்றுநீர் கொட்டுகிறது. அதில் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் ஆகும் என்று நாட்டுப்பாடல் இருக்கிறது. இளம்பெண்கள் சிரித்துக்கொண்டே ஏழிலும் வாய் வைத்தார்கள். "ஏங்க, நமக்குத்தான் ஆயிடுச்சே, நான் தாகத்துக்குக் குடிக்கலாமா?" என்றாள் மனைவி. தண்ணீர் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது.

அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே ஏனோல், எர்சினா என்று இரண்டு ஏரிகள். 1918ல் ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் இது. அதே வருஷம்தான் மாதாவுக்கு முடிசூட்டு விழாவும் நடந்தது. 1989ல் இங்கே வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏரி வரை போயிருக்கிறார். நாங்கள் போனபோது ஏனோலை மூடுபனி முழுசாக மறைத்துவிட்டது. மாட்டு மணிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எர்சினாவில் பனி கொஞ்சம் விலகி, கரையில் படுத்திருந்த மாடுகளையும் பின்னால் சாம்பல் நிறச் சிகரங்களையும் காட்டியது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பாடு. ஊரே பெருமைப்படும் பீன்ஸ் குழம்பில் பன்றிக்கறி கட்டாயம். ரொட்டியும் உருளைக்கிழங்கு முட்டை அடையும் எங்கும் கிடைக்கும். கடைசியில் அரிசிப் பாயசம் வாங்கிச் சாப்பிடுங்கள், நம் வீட்டுப் பால் பாயசத்தை இறுக்கி, மேலே சர்க்கரையைக் கருக்கிய மாதிரி.

இங்கே பெருவிழா செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். நம் வேளாங்கண்ணித் திருவிழா முடியும் அதே நாள். அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள் நடக்கிறது. செப்டம்பர் 8 அஸ்தூரியாஸ் முழுவதற்கும் அரசு விடுமுறை என்பதால் காங்காஸில் அறை கிடைப்பது கஷ்டம், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். சீசனில் ஏரிச் சாலையில் பகல் நேரத்தில் சொந்தக் கார்களை விடுவதில்லை, காங்காஸில் இருந்து பேருந்தில் போகலாம். ஆகஸ்டாக இருந்தாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும். நிதானமாகக் கும்பிட வேண்டும் என்றால் கூட்டம் இல்லாமல் அருவிச் சத்தம் மட்டும் இருக்கும் காலை வேளையில் கெபிக்குப் போய்விடுங்கள், பேராலயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.