மாமா கொண்டுவந்த ஐந்து கசெற்றுகள்

1990 ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் இந்திய இராணுவம் இலங்கையை விட்டுப் போனதற்கும், ஆனி மாதத்தில் சண்டை மறுபடி தொடங்கியதற்கும் இடையில், யாழ்ப்பாணத்துக்கு இரண்டரை மாதம் அளவில் மூச்சுவிட ஓர் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து மாமா உரும்பிராயிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய பெட்டியில் உடுப்புகளுக்கும் பால்மாவுக்கும் இடையே ஐந்து வீடியோ கசெற்றுகள் இருந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரத்து அமெரிக்க அலைவரிசைகள் அங்கே கேபிள் வழியாக வீட்டுக்கு வரும் என்றும், தொழிற்சாலை வேலை முடிந்து வந்த இரவுகளில் தான் விரும்பிப் பார்த்தவற்றை எங்களுக்காகப் பதிவு செய்ததாகவும் அவர் சொன்னார்.

எங்கள் டெக்கில் முதலாவது கசெற்றைப் போட்டபோது படம் நிற்கவில்லை. திரை மேலும் கீழுமாக உருண்டது, நிறம் போய்விட்டது, குரல்கள் இழுபட்டுத் தடித்து வந்தன. வட அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். எங்கள் நாட்டின் ‘பால்’ (PAL) என்ற முறையில் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒன்றுக்காகச் செய்த டெக் மற்றதை வாசிக்காது என்பதை அன்றுதான் அறிந்தேன். சவூதியில் வேலை செய்து திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணையிடம் எல்லா முறைகளையும் வாசிக்கும் டெக் ஒன்று இருந்தது. அவர் அதைத் துவாயில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து, அன்றிரவு எங்களோடு இருந்து பார்த்தார்.

முதலில் வந்தது, பொஸ்ரன் நகரத்து மதுச்சாலை ஒன்றில் கூடுகின்றவர்களைப் பற்றிய ‘சியர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் எழுந்த சிரிப்பொலியைக் கேட்டு அம்மம்மா திகைத்துப்போனார். “ஆரடா உது, பின்னாலை நிண்டு சிரிக்கிறது?” என்று மாமாவைக் கேட்டார். சனங்களை மண்டபத்தில் இருத்திவைத்து, அவர்களுக்கு முன்னால் நடித்துக் காட்டியே படம் பிடிக்கிறார்கள் என்று மாமா விளக்கினார். அது உண்மைதான். அந்தக் காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களிற் பெரும்பாலானவை நாலாவது சுவர் இல்லாத ஒரு வரவேற்பறையையோ கடையையோ கட்டி, பல கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பார்வையாளர் முன்னிலையில் பிடிக்கப்பட்டன. நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கோயில் வீதிகளில் விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமான கலை அல்ல. மியாமியில் ஒரே வீட்டில் வாழும் நான்கு முதிய பெண்களைப் பற்றிய ‘கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரை நான் இன்றும் விரும்பிப் பார்ப்பது அந்த மேடைத்தன்மைக்காகத்தான். அதில் தாயாக நடித்த எஸ்ரெல் கெற்றி, மகளாக நடித்த பீ ஆர்தரைவிட உண்மையில் ஒரு வயது இளையவர். தாளம் தப்பாமல் வசனம் பேசுகின்ற அவருடைய திறமை அந்த வித்தியாசத்தை முழுவதுமாக மறைத்துவிட்டது.

ஐந்து ஆண்டுகளாக முதலிடத்தில் நின்ற ‘கொஸ்பி ஷோ’வும் ஒரு கசெற்றில் இருந்தது. அதன் நாயகன்மீது பின்னாளில் பல பெண்கள் முன்வைத்த குற்றச்சாட்டுகளை வாசித்தபின் அதை மறுபடி பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்தப் பதிவை எழுதுவது மூன்றாவது கசெற்றுக்காக. அதில் ‘வொண்டர் இயர்ஸ்’ என்ற தொடரின் முதற்பகுதி இருந்தது. 1988 தை மாதம் 31 ஆம் திகதி முதன்முதலாக ஒளிபரப்பான அந்தக் கதை, சரியாக இருபது ஆண்டு முந்திய 1968 இல் நடக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் கெவினின் கதையை, வளர்ந்து பெரியவனான அதே கெவினின் குரல் சொல்லிக்கொண்டு போகிறது. அதில் சிரிப்பொலியே இல்லை. மண்டபமும் பார்வையாளரும் இன்றி ஒற்றைக் கமராவில், சினிமாவைப் போலப் பிடித்திருந்தார்கள். எங்கே சிரிப்பது என்று எவரும் சொல்லித்தராததால், நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்து பார்த்தோம்.

அந்தத் தெருவில் வினி என்ற சிறுமிக்குப் பிரையன் என்றொரு அண்ணன் இருக்கிறான். கெவினுக்கு அவன்மீது பெருமதிப்பு. அவன் வியட்நாமுக்குப் போகிறான். பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்த கெவினைப் பெற்றோர் காரில் ஏற்றி வருகிறார்கள். தகப்பன் கடுங்கோபத்தில் வாய் திறக்காமல் இருக்கிறார், அடி நிச்சயம் என்று பையன் காத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால், பிரையன் போரில் இறந்துவிட்டான் என்ற செய்தி. மாமா அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டார்:

“தம்பி, அந்தப் பெடியன்ர பொடி வீட்டை வந்ததோ?”

மாமாவிடம் பதில் இல்லை. எங்கள் ஒழுங்கையில் 1987 இல் பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்குப் பொடி வந்தது, மற்றதற்கு வரவில்லை. அந்த வீட்டுத் தாய் பல மாதம் படலையடியில் நின்றதை அம்மா நாளும் பார்த்தவர். திரையில் கெவின் காட்டுக்குள் தனியே இருந்த வினியைத் தேடிப் போய்த் தன்னுடைய ஜக்கெற்றை அவளுடைய தோளில் போர்த்துவிட்டான். அதோடு முதற்பகுதி முடிந்தது. அடுத்த பகுதி வருமென்று இருந்தோம். ஆனால் கசெற்றின் மிச்சத்தில் ஐஸ் ஹொக்கிதான் இருந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பின்னாளில் தேடித் தேடிப் பார்த்தபோது, வியட்நாம் போரைப் பற்றி அவர்கள் தங்கள் வீடுகளுக்குள் விரிவாகப் பேசத் தொடங்கியதே அந்த எண்பதுகளின் கடைசியில்தான் என்பது எனக்கு விளங்கியது. போர்க்களத்துச் சிப்பாய்களைப் பற்றிய ‘ருவர் ஒஃப் டியூட்டி’ 1987 இல் வந்தது. அடுத்த ஆண்டு, டனாங் கடற்கரையில் காயப்பட்டவர்களைப் பராமரித்த தாதிமாரை நடுவில் வைத்து ‘சைனா பீச்’ வந்தது. அதன் ஒரு பகுதியில், அந்தப் போரில் உண்மையாகவே பணியாற்றிய தாதிமாரும் படையினரும் கமராவைப் பார்த்துப் பேசுகின்ற நேர்காணல்களைக் கதையின் காட்சிகளோடு கோத்திருந்தார்கள். கடைசிப் பருவத்தில் கதை போருக்குப் பிந்திய ஆண்டுகளுக்கும் நகர்ந்து, நாயகியான தாதி வீடு திரும்பிய பிறகு எப்படி வாழ முடியாமல் தவித்தாள் என்பதையும் சொன்னது. போர் நாடகம் என்றால் வெடியும் வீரமும்தான் என்று எண்ணுகின்றவர்கள் அந்தப் பருவத்தைப் பார்க்கவேண்டும். ஓய்ந்துபோன போரொன்று ஒரு பெண்ணின் கைகளிலும் நித்திரையிலும் எப்படி மிஞ்சுகிறது என்பதை அவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொலைக்காட்சி நாடகம் வேறொன்றை நான் காணவில்லை.

1988 இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் பங்குனி முதல் ஆவணி வரை ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்ததையும் இங்கே சொல்லவேண்டும். அதனால் அந்த ஆண்டின் புதிய தொடர்கள் பிந்தியே தொடங்கின. ஐப்பசியில் தொடங்கிய ‘றோசான்’ அவற்றில் ஒன்று. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய், கட்டாத கட்டணச் சீட்டுகள், குப்பையாகக் கிடக்கும் குசினி. அமெரிக்கா என்றால் பளிங்கு வீடுகள்தான் என்றிருந்த எங்கள் நினைப்பை அந்தக் குசினி ஒரே இரவில் திருத்தியிருக்கும். மாமாவின் கசெற்றுகளில் அது இல்லாமற் போனது எனக்கு இன்றும் மனக்குறை.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் அந்த ஐந்தையும் வீட்டோடு விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. ‘வொண்டர் இயர்ஸ்’ தொடரை மறுபடி பார்க்கப் பலகாலம் வழியிருக்கவில்லை. அறுபதுகளின் பாடல்கள் கதை நெடுகிலும் ஒலிப்பதால், அவற்றின் உரிமைகளைப் பெறுவதில் ஏற்பட்ட இழுபறியில் முழுத் தொடரும் டி.வி.டி.யாக வெளிவர 2014 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு மாமா அதை எனக்கு அனுப்பினார்.

இரண்டாம் பகுதியில் பிரையனின் இறுதிச் சடங்கு வருகிறது. நான் படத்தை நிறுத்தி, அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். எந்தப் பெடியன் என்று நான் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. துருவின தேங்காய் ஒட்டிய கையோடு வந்து நின்று பார்த்தார்.

“அப்ப வந்து சேர்ந்திருக்கு,” என்றார்.