ஃபயர்ஃபாக்ஸை வீட்டில் கட்டிய கதை: நான்கு சனிக்கிழமைகள்

ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை நம் கணினிக்கென்றே கம்பைல் செய்தால், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு நாமே மாற்றினால், பிரவுசர் பறக்கும் என்று ரொம்ப நாளாக ஒரு நப்பாசை. கணினி சாதாரணம்தான்: நான்கு கோர், 16 ஜிபி ரேம், லினக்ஸ். டிஸ்க்கில் 30 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும் என்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா சொல்கிறது. அதற்காகப் பழைய கல்யாண வீடியோக்களை வேறு டிஸ்க்குக்குக் குடியேற்றினேன்.

மூலநிரலை இறக்கி ‘மாக் பூட்ஸ்ட்ராப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், சி, சி++ நிரலுக்கான கம்பைலர் கிளாங், ரஸ்ட் மொழிக்கான கம்பைலர் என்று வேண்டியதையெல்லாம் அதுவே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அப்புறம் ‘மாக் பில்ட்’ என்று தட்டினால் போதும். நான் தட்டவில்லை. ‘மோஸ்கான்ஃபிக்’ என்ற அமைப்புக் கோப்பைத் திறந்தேன். கம்பைலர் எது, ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காக நிரலைச் செதுக்குவது) எவ்வளவு, எந்த லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) எங்கிருந்து எடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் எழுத வேண்டும். வினையும் அங்கேதான் தொடங்கியது.

முதல் சனிக்கிழமை ஆசைப்பட்டதையெல்லாம் எழுதினேன்: ஓ3 (தீவிரமான செதுக்கல்), எம்-ஆர்ச் நேட்டிவ் (இந்தக் கணினியின் ப்ராசசருக்கென்றே கட்டுவது), முழு எல்டிஓ. எல்டிஓ என்றால் கோப்புகளைத் தனித்தனியாகச் செதுக்கி முடிக்காமல், கடைசியில் லிங்க் செய்யும்போது, அதாவது துண்டுகளை ஒட்டும்போது, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துச் செதுக்குவது. மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடியது. லிப்சூல் என்ற ஒற்றைப் பெரிய லைப்ரரியை லிங்க் செய்யும் கட்டம் வந்ததும் மவுஸ் அசையவில்லை. டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரையில் ஒரே சொல்: ‘கில்டு’. ரேம் தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கெர்னல், லிங்க் செய்யும் நிரலான லிங்கரைத் தீர்த்துக்கட்டிவிட்டது.

அடுத்த வாரம் எல்டிஓவை ரேம் குறைவாகக் கேட்கும் ‘தின்’ வகைக்கு மாற்றினேன், லிங்கராக எல்எல்டி என்ற நிரல். பிழை தேட உதவும் குறிப்புகளான டீபக் சிம்பல்களையும் அணைத்தேன். சும்மா விட்டால் அவை இயல்பாகவே சேர்ந்துகொள்ளும். நினைவகத்தையும் டிஸ்க்கையும் தின்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. இந்த முறை பில்ட் முடிந்தது. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் முயலலாமா என்று ஒரு கணம் தோன்றியது, விட்டுவிட்டேன். மோசில்லாவே 2018-இல் தன் லினக்ஸ் பில்டுகளை ஜிசிசியிலிருந்து கிளாங்குக்கு மாற்றிவிட்டது. ரஸ்ட்டும் கிளாங்கும் நிற்பது எல்எல்விஎம் என்ற ஒரே கம்பைலர் அடித்தளத்தின் மேல் என்பதால், இரண்டின் எல்எல்விஎம் பதிப்பும் ஒத்துப்போனால் சி++, ரஸ்ட் இரண்டையும் கலந்தே எல்டிஓ செய்யலாம்.

‘நேட்டிவ்’ விஷயத்தில் இரண்டு அடி வாங்கினேன். அந்தக் கொடி (கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்பு) சி, சி++ நிரலுக்கு மட்டும்தான். ரஸ்ட்டுக்கு டார்கெட் சிபியுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. இரண்டாவது, பெருமையாக ‘மாக் பேக்கேஜ்’ போட்டுக் கட்டிய பிரவுசரை மூட்டையாக்கிப் பழைய லேப்டாப்பில் ஓட்டிக் காட்டப் போனேன். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லிச் செத்தது. என் பில்டில் இருந்த ஏவிஎக்ஸ்2 வகை ப்ராசசர் கட்டளைகள் இன்டெலில் வந்தது 2013-இல், ஹாஸ்வெல் வரிசை ப்ராசசர்களோடு. லேப்டாப் அதற்கும் மூத்தது.

மூன்றாவது வாரம் லைப்ரரிகள். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கு வேண்டிய பலவற்றைத் தன்னோடேயே சுமந்து வருகிறது. கணினியில் ஏற்கெனவே இருப்பதை எதற்கு இரண்டாம் முறை கம்பைல் செய்வது என்று ‘வித் சிஸ்டம்’ வரிகளை அடுக்கினேன். என்எஸ்எஸ் (மறையாக்க லைப்ரரி) பதிப்பு பழையது என்று முதலில் நின்றது. அந்த வரியை நீக்கினேன். அடுத்து பிஎன்ஜி படங்களுக்கான லிப்பிஎன்ஜி: அசையும் பிஎன்ஜிக்கான ஆதரவு என் கணினியிலிருந்த லிப்பிஎன்ஜியில் இல்லை, அது இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது. அந்த வரியையும் நீக்கினேன்.

அப்போதுதான் ஆர்எல்பாக்ஸ் என்ற பாதுகாப்புக் கூண்டு பற்றி உறைத்தது. 2021 டிசம்பரில் வந்த 95-ஆம் பதிப்பிலிருந்து கிராஃபைட் (எழுத்துரு), ஹன்ஸ்பெல் (எழுத்துப்பிழை), ஆக் (ஒலி, ஒளி) ஆகிய லைப்ரரிகளை முதலில் வெப்அசெம்ப்ளி என்ற கட்டுப்பாடான நிரல் வடிவமாக்கி, அங்கிருந்து மெஷின் கோடாக்குகிறார்கள். அந்த லைப்ரரியில் ஓட்டை இருந்தாலும் கெட்டவன் அதற்கு வெளியே கைநீட்ட முடியாது. கணினியில் உள்ள லைப்ரரி ஏற்கெனவே வெந்த சோறு. அதை இந்தக் கூண்டுக்குள் போட வழியில்லை. டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) நடத்துகிறவர்களுக்கு சிஸ்டம் லைப்ரரி வேண்டும், ஒரே இடத்தில் ஓட்டையை அடைத்தால் எல்லா மென்பொருளுக்கும் சேர்த்து அடைத்தது ஆகும். எனக்கு வேண்டாம். எல்லா வரிகளையும் அழித்தேன்.

இவ்வளவுக்குப் பிறகு பிரவுசர் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் என்ற சோதனையில் ஓட்டிப் பார்த்தால், மோசில்லா தரும் சாதா ஃபயர்ஃபாக்ஸைவிட என்னுடையது மெதுவாக இருந்தது! அரை நாள் தலையைச் சொறிந்தேன். அவர்களுடையதில் பிஜிஓ இருக்கிறது, என்னுடையதில் இல்லை. பிஜிஓ என்றால், முதலில் கணக்கெடுக்கும் பிரவுசர் ஒன்றைக் கட்டி, அதை ஓட்டி, நிரலின் எந்தப் பாதையில் நடமாட்டம் அதிகம் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்து மறுபடி கட்டுவது. இதற்கு மோஸ்கான்ஃபிக்கில் ஒரே வரி போதும்.

நான்காவது சனிக்கிழமை அதைச் சேர்த்து, ஓ3-ஐ எடுத்துவிட்டு இரவு ஓடவிட்டேன். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது இருட்டில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. பிரவுசர் தானே திறந்து, பக்கம் பக்கமாகத் தானே புரட்டிக்கொண்டிருந்தது. பேய் புகுந்தது போலத்தான் இருந்தது. காலையில் பில்ட் தயார். இப்போது மோசில்லாவுடையதற்கும் என்னுடையதற்கும் வித்தியாசம், ஒரே பிரவுசரை இரண்டு முறை ஓட்டினால் வருகிற ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. நேட்டிவ் கொடி உள்ளே இருந்தும் அவ்வளவுதான்.

நரி இலச்சினை மோசில்லாவின் வணிகச் சின்னம் என்பதால் என் பிரவுசருக்குப் பெயர் ‘நைட்லி’, படம் ஓர் உருண்டை. அதில்தான் இதை எழுதுகிறேன். அடுத்த பதிப்பு செவ்வாய்க்கிழமை வருகிறது. எனக்குக் கட்ட நேரம் கிடைப்பது சனிக்கிழமைதான். நடுவில் நான்கு நாள் பழைய ஓட்டைகளோடு ஓட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.