கரண்ட் போன நாளில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்தது

தருமபுரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சிறிய கடை என்னுடையது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று மட்டும் காலையிலேயே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று வரிசையாக வரும். குடியிருப்போர் நலச்சங்கத்துக்காரர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். ஐந்தாறு ஆண்கள், ஒருவர் கையில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

‘எங்கள் பகுதியில் பல மாதங்களாகக் குடிநீர் சரிவர வருவதில்லை. பலமுறை முறையிட்டும் நடவடிக்கை இல்லை.’ இந்த வரிகளை என் விரல்கள் என்னைக் கேட்காமலே அடித்துவிடும். எந்தத் தெரு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்டால், “அதெல்லாம் எதற்கு அம்மா, நீங்கள் அடியுங்கள்” என்பார்கள். அப்படி அடித்த மனுவுக்குக் கணினியில் ஒரு எண் விழும், ரசீது கிடைக்கும், ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதப்பட்டு ஒவ்வொரு மேசையாகக் கீழே இறங்கும். கடைசியில் வால்வு திறப்பவர் கைக்குப் போய்ச் சேரும்போது, அதை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது எதுவும் அதில் இருக்காது. அதிகாரிகளைத் திட்டுவதற்கு முன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் குடியிருக்கும் நகர் பென்னாகரம் சாலைப் பக்கம். பெயரைப் போடவில்லை, போட்டால் நாளைக் காலை தலைவர் கடை வாசலில் நிற்பார். எங்கள் சங்கம் பிறந்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஆளில்லாமல் போனது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் எந்த நகரத்திலும் கவுன்சிலர் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் தனி அதிகாரியிடம்தான் போக வேண்டும். ஒற்றை ஆளாகப் போவதை விட லெட்டர்பேடோடு போனால் நாற்காலி கொடுப்பார்கள் என்று நினைத்துச் சங்கம் தொடங்கினார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். எங்கள் ஏழு பேருமே ஆண்கள்.

கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. கறி வாங்கி வந்து வீட்டில் கொடுத்துவிட்டு ஆண்கள் காலாறக் கிளம்பும் நேரம் அது. அதே கறி அடுப்பில் கிடப்பதால் பெண்கள் வாசற்படி தாண்ட முடியாத நேரமும் அதுதான். என்னைச் செயலாளராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால், பெண்ணுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற பெருந்தன்மையால் ஒன்றும் இல்லை. டைப்பிங் செலவு மிச்சம் என்று பொருளாளர் என் முன்னாலேயே சொன்னார்.

தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃபுளோரைடு புதிதில்லை. எங்கள் நிலத்தடியில் கிடப்பது கெட்டிப் பாறை; அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து ஆழ்குழாய்த் தண்ணீரில் சேருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் ஈறுக்குள் பல் உருவாகும்போதே விழுந்த கறை அது. என் வகுப்பில் படித்த பெண்கள் சிலர் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் வரும் இந்த நோயின் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருக்கிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒகேனக்கல் பள்ளத்தில் கிடக்கிறது, நாம் மேட்டில் இருக்கிறோம். இங்கே குழாயில் சொட்டும் ஒவ்வொரு குடமும் மின்சாரம் செலவழித்து மலைமேல் ஏற்றப்பட்ட காவிரி. ஆகவே அது தினமும் வராது. வருகிற நாளில் வந்தே ஆக வேண்டும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு அது வரவில்லை. அங்கே இருக்கும் அக்கா வீட்டு வாசலில் இடுப்பளவு குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குனிந்து உட்கார்ந்து தண்ணீர் பிடிப்பார். மழை பெய்தால் முதலில் குழியிலிருந்து சேற்றை வாரிக் கொட்ட வேண்டும். சங்கம் கண்டுபிடித்த தீர்வு, தெருவுக்குப் பெரிய பைப் போடச் சொல்லி மனு கொடுப்பது. நான்கு இஞ்ச் பைப் என்றார் ஒருவர், ஆறு என்றார் மற்றொருவர். அளவு கூடிக்கொண்டே போனதே தவிர, ஒருவரும் அந்தக் குழியில் இறங்கிப் பார்க்கவில்லை.

மனுவை அடிக்கும்முன் தேதி கேட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே போய் ஒரு கட்டுக் காலண்டர் தாள் கொண்டுவந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கி எறியாமல், தண்ணீர் விட்ட நாட்களின் தாள்களை மட்டும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறிப்பு. வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடவில்லை போலிருக்கிறது. மணிக்குப் பதிலாகத் தாளில் அச்சடித்திருப்பதையே அளவாக வைத்திருந்தார். ‘வெள்ளி. ராகு காலம் பிறந்து வந்தது. 4 குடம். நின்றது.’ ‘சனி. ராகு காலத்துக்கு முன். 3 குடம். காற்று.’ வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு, சனிக்கிழமை ஒன்பதுக்கு. மணிக்கணக்கில் மாற்றிக்கொள்ள எனக்குச் சிரமமே இல்லை. கடையில் ஒரு லாங் சைஸ் நோட்டில் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன்.

எழுதும்போது ஒரு தாள் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. ‘செவ்வாய். நிறைய வந்தது. அண்டா, டிரம், குடம் எல்லாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.’ இன்னொரு மாதத்துத் தாளிலும் அப்படியே. எனக்கு அந்த இரண்டு நாட்களும் நன்றாக நினைவிருந்தன, கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடாத நாட்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்கள் அவை.

கரண்ட் இருந்தால் தண்ணீர் வராது, கரண்ட் போனால் வரும். தெருவில் குழாயோடு நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாசலில் ஒரு சிமெண்ட் மூடி, அதன்கீழே அரை எச்.பி. மோட்டார். சுவிட்சைப் போட்டவுடன் கடைசி வீட்டுக் குழாய் காற்றைத்தான் கக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் பைப்பில் ஒரு கீறல் இருந்தால் போதும், வெளியில் நிற்கிற அழுக்குத் தண்ணீர் உள்ளே போய்விடும். தரைத் தொட்டி கட்டி, தண்ணீர் தானாக அதில் விழ விட்டு, தொட்டியிலிருந்து மோட்டாரால் மாடிக்கு ஏற்றிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நேராகக் குழாயில் வைப்பது சட்டப்படியும் குற்றம். கண்டுபிடித்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கலாம்.

நோட்டைக் கூட்டத்தில் வைத்தபோது ஞாயிற்றுக்கிழமைக் குரல்கள் முதன்முறையாகத் தணிந்தன. தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார் வேறு. நோட்டை மூக்கருகில் வைத்துப் படித்தார். “ராகு காலத்தையெல்லாம் ஆதாரம் என்று எப்படி அம்மா கொடுப்பது?” என்றார். “ஐயா, மணியை நான் எழுதியிருக்கிறேன், வலது கட்டத்தைப் பாருங்கள்” என்றேன். பிறகு பொருளாளர், பெரிய பைப் மனுவையே கொடுத்துவிடலாம், தெருவுக்குள் சண்டை வேண்டாம் என்றார். அவர் வீட்டு வாசலில் இருக்கும் சிமெண்ட் மூடியைத் தெருவுக்கே தெரியும்.

நான் கேட்டது ஒன்றுதான். அடுத்த கூட்டத்தைச் சாயங்காலம் ஆறரைக்கு வையுங்கள். அதற்கே ஒரு மணி நேர விவாதம். பைப்புக்கு இத்தனை எதிர்ப்பு வந்ததில்லை.

ஆறரைக் கூட்டத்துக்குப் பெண்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்தார்கள். யார் வீட்டில் எப்போது மோட்டார் சத்தம் கேட்கிறது என்று வீட்டு வரிசைப்படி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொருளாளரின் மனைவியே எழுந்து, “எங்கள் வீட்டிலும் இருக்கிறது அக்கா, நான் சொன்னால் இவர் கேட்பதில்லை” என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

பக்கத்து ஊராட்சியில் தண்ணீர் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரையும் வரவழைத்திருந்தேன். தெருக் குழாய்த் தண்ணீர், ஒரு வீட்டுத் தரைத் தொட்டித் தண்ணீர், ஆழ்குழாய்த் தண்ணீர் என மூன்று குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஃபுளோரைடு பார்க்கும் மருந்து ஒரே அளவு சொட்டு. குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. ஆழ்குழாய்த் தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் என்றால் ஃபுளோரைடு அதிகம். தொட்டித் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிறிய ஆரஞ்சு. ஏனென்றால் அந்த வீட்டில் காவிரியும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. அத்தனை தூரம் ஏற்றி வந்த தண்ணீரை வாசலில் நாமே கெடுத்துக்கொள்கிறோம். “காய்ச்சிக் குடித்தால் போய்விடுமா?” என்று ஒருவர் கேட்டார். போகாது, தண்ணீர் ஆவியாகக் குறைய, ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். கட்டன் டீயிலும் அது உண்டு என்று அந்தப் பெண் சொன்னபோதுதான் ஆண்கள் வரிசையில் உண்மையான அதிர்ச்சி தெரிந்தது.

தீர்மானங்கள் போட்டோம். நேரடி மோட்டார்களை ஒரு மாதத்துக்குள் எடுப்பது, எடுக்காத வீட்டின் கதவு எண்ணைச் சங்கமே எழுதிக் கொடுப்பது, குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீருக்குத் தனித் தொட்டி அல்லது டிரம், கடைசி வீட்டில் தொடர்ந்து நோட்டு. தலைவர் வீட்டு மோட்டார் மறுநாளே போனது என்று கேள்வி. அவர் வீட்டில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். அதன்பிறகு கொடுத்த மனுவில் பெரிய பைப் இல்லை. தேதி, நேரம், குடக் கணக்கு, சாக்கடையோரம் பைப் கசியும் இடம் ஆகியவை இருந்தன. கசிவை அடைக்க ஆட்கள் வந்தார்கள். கடைசி வீட்டுக் குழாயில் இப்போது காற்று வருவது குறைந்திருக்கிறது. குழியை மூட அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு வீடுகளில் மோட்டார் இருக்கிறது. யார் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள், கதவு எண் எழுதும் வேலைதான் பாக்கி. அதற்கு மட்டும் ஆண்கள் எவர் கையும் பேனாவைத் தொடுவதில்லை. நான்தான் எழுதப் போகிறேன்.

கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவது போல, நகரங்களிலும் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலிருந்து பகுதி சபைகள் கூடத் தொடங்கின. எங்கள் வார்டில் அடுத்து கூடும்போது நோட்டையும் மினிட் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம். அதற்குள் லேஅவுட் வரைபடத்தின் நகலையும் வாங்கிவிட வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் யாரோ கருங்கல் இறக்கிக்கொண்டிருக்கிறார். தகவல் உரிமைச் சட்ட மனுவைப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டேன், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

நம் நகர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: அடுத்த கூட்டமும் சாயங்காலம் ஆறரைக்குத்தான், மாற்றமில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வரும்போதே கொண்டுவந்துவிடுங்கள்; ரசீதுப் புத்தகம் இனிமேல் என்னிடம்தான் இருக்கிறது.