‘ஓம், ஓம்’ என்று போன புள்ளிகள்

ஊடகவியல் டிப்ளோமாவில் என் முதலாவது ஒலி நிகழ்ச்சி ஒப்படை திரும்பி வந்தபோது, ஓரத்தில் விரிவுரையாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “விருந்தினரின் குரலை விட உம்முடைய குரல்தான் கூடக் கேட்கிறது.”

உண்மைதான். உப்புவெளியில் ஒரு ஐயாவை அவர் வீட்டு விறாந்தையில் வைத்துப் பேட்டி எடுத்திருந்தேன். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 2013 வரை திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது அல்லவா, அங்கே வேலை செய்தவர். கடற்காற்றின் உப்பு அன்டெனாக் கம்பிகளை என்ன பாடு படுத்தும் என்று ரசித்து ரசித்துச் சொல்கிறார். ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் என் “ஓம்... ஓம் ஐயா... ம்ம்”. நடுவில் ஒரே ஒரு போன். இரண்டு குரலும் ஒரே தடத்தில் (ட்ராக்). என் ‘ஓம்’ஐ வெட்டினால் அவருடைய சொல்லும் சேர்ந்து போனது. குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை.

இறுதிச் செயன்முறைப் பரீட்சைக்கு 20 நிமிட நிகழ்ச்சி, இரண்டு விருந்தினர். அதே ஐயாவிடமே போனேன். இரண்டாமவர் அவரோடு வேலை செய்த நண்பர், இப்போது கனடாவில். இந்த முறை ஒவ்வொரு குரலும் தனித்தனித் தடத்தில் என்று முடிவெடுத்தேன்.

முதலில் இரண்டு யூஎஸ்பி மைக்கை லப்டொப்பில் சொருகி, ஒலி பதிந்து வெட்டி ஒட்டுகிற மென்பொருளான ஒடாசிட்டியைத் திறந்தேன். அது ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதியும். ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்ட பிறகே இதை விளங்கிக்கொண்டேன். கடைசியில் நண்பரிடம் இரண்டு மைக் பூட்டக்கூடிய ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) ஒன்றை இரவல் வாங்கினேன். கணினிக்கு அது ஒரே கருவி. பதிவுச் சனலை ஸ்டீரியோவாக வைத்தால் ஐயா இடப்பக்கம், நான் வலப்பக்கம். பதிந்த பிறகு அந்த ஸ்டீரியோத் தடத்தை இரண்டு மொனோ, அதாவது ஒற்றைச் சனல் தடங்களாகப் பிரித்துவிடலாம். 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட் என்ற பதிவுத் தரத்தில் ஒரு மொனோத் தடம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 500 எம்பி பிடிக்கும். லப்டொப்பில் இடம் இருக்கிறதா என்று முதலே பாருங்கள்.

கனடாக்காரருக்கு ஸூம். பதிவு அமைப்புகளுக்குள், பங்குபற்றும் ஒவ்வொருவருக்கும் தனி ஒலிக்கோப்பு வேண்டும் என்ற தெரிவு இருக்கிறது. அழைப்புத் தொடங்க முதல் அதைச் சரி போடுங்கள், பதிவைக் கணினியிலேயே சேமியுங்கள். அழைப்பு முடிந்ததும் தனிக் கோப்புறையில் ஆளுக்கொரு கோப்பு வந்து நிற்கும். ஆனால் இணையம் கொண்டுவந்த குரல்தான் அந்தக் கோப்பில் இருக்கும். லைன் விக்கினால் அதுவும் விக்கும். அதனால் அவருடைய போனிலும் பதியச் சொல்லி, பிறகு அனுப்பச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒடாசிட்டியும் ஸூமும் ஒன்றாக ஓடின. தொடக்கத்தில் நான் ஒரு தரம் பலமாகக் கைதட்டினேன். ஒடாசிட்டியிலும் ஸூமின் என் கோப்பிலும் அந்தத் தட்டு கூர்மையான ஊசி மாதிரித் தெரியும். இரண்டு ஊசியையும் நேராக்கினால், கனடாக் கோப்பையும் அதே அளவு நகர்த்தினால் போதும். அவர் போன் பதிவு மட்டும் அரை மணி நேரத்தில் மெல்ல விலகியது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. இரண்டு இடத்தில் வெட்டி ஒட்டவேண்டி வந்தது.

ஹெட்போன் எல்லோருக்கும் கட்டாயம். ஐயா மறுத்தார்: “பிள்ளை, இதைப் போட்டால் என் குரல் எனக்கே கேட்காது.” ஒரு காதை மட்டும் மூடச் சொல்லிச் சமாளித்தேன். ஸ்பீக்கரில் விட்டால் கனடாக்காரர் ஐயாவின் மைக்குக்குள்ளும் வந்துவிடுவார். அப்படி வந்தால் தடம் பிரித்ததில் என்ன பிரயோசனம்? மைக் வாயிலிருந்து ஒரு சாண், ஒடாசிட்டியின் பதிவு மானியில் சத்தத்தின் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் அளவில். காற்றாடியை நிறுத்துங்கள். பாண்காரரின் ஓட்டோ வருகிற நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுவையுங்கள். எங்கள் ஊரில் இது பகிடியில்லை.

எடிட்டிங்கில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஐயாவின் இருமலை அவர் தடத்தில் மட்டும் அழித்தேன். அந்தத் தடத்தின் மிச்சம் முழுவதும் இரண்டு செக்கன் முன்னுக்கு நகர்ந்துவிட்டது. கேள்வி கேட்கும் முன்பே பதில் வருகிறது! இரண்டு மணித்தியாலம் தேடியபிறகுதான் பிடிபட்டது. ஒரு தடத்தில் உள்ள சத்தத்தை எடுக்க அழிக்காதீர்கள். அந்தத் துண்டைத் தெரிவுசெய்து கொன்ட்ரோல் எல் அழுத்தி மௌனமாக்குங்கள். எல்லாத் தடத்திலும் சேர்த்து வெட்டுவதானால், தடங்கள் ஒன்றாக நகரும்படி பூட்டுகிற சிங்க் லொக்கைப் போட்டுவிட்டு வெட்டுங்கள்.

பரீட்சை நாளுக்கு ஒன்று. ஒடாசிட்டி 3 ஐயும் அதற்குப் பிந்திய பதிப்புகளையும் கொண்டு சேமித்த புரொஜெக்ட் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. பரீட்சை நடந்த இடத்துக் கணினியில் இருந்தது பழையதுதான். நல்ல காலம், ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் (WAV) ஒலிக்கோப்பாக, எல்லாம் பூச்சியத்திலிருந்து தொடங்குமாறு, பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். இறக்கியதும் தானாகவே வரிசையில் நின்றன.

பரீட்சகர் முழுவதையும் கேட்டார். பிறகு என் தடத்தை மியூட் செய்து, ஐயாவின் தடத்தை மட்டும் சத்தம் கூட்டிப் போட்டார். அன்டெனாக் கதை வந்தது. வசனம் முடிந்த இடத்தில், எங்கோ தூரத்திலிருந்து, ஐயாவின் மைக்குக்குள் தப்பி நுழைந்த ஒரு சின்ன “ஓம்”.

“இது யார்?” என்றார்.

“நான்தான் சேர்.”

“அடுத்த முறை தலையை மட்டும் ஆட்டும்” என்று சொல்லிப் புள்ளித்தாளை எடுத்தார்.