அடித்தவனோடு நிற்காமல், பக்கத்தில் நின்றவர்களையும் படியுங்கள்

காரைக்குடியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) எங்களுக்குப் பாடம். தேர்வில் நாவலின் வன்முறை பற்றிக் கேள்வி வந்தால், நாயகன் ஒகொன்க்வோ யாரை எப்போது அடித்தான் என்று பலரும் வரிசையாக எழுதிவிடுவார்கள். அது கதைச்சுருக்கம்தான். ஒவ்வோர் அடி விழுந்ததும் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இது பிடிபட்டது எங்கள் ஆயாவால், அதாவது பாட்டியால். படித்ததை வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து அவருக்குக் கதையாகச் சொல்வேன். உணவு பொதிய வாழையிலை அறுத்ததற்காகத் தன் மனைவி எக்வெஃபியை அவன் அடித்ததைச் சொன்னதும், “இலை அறுத்ததுக்கா? மத்தவளுக என்ன பண்ணிக்கிட்டிருந்தாளுக?” என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டினேன். மற்ற மனைவியர் எட்ட நின்று ‘போதும்’ என்று எப்போதாவது தயங்கிச் சொல்வதோடு சரி. அந்த வீட்டின் பயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். வேற்றூரார் செய்த கொலைக்கு ஈடாக வந்து மூன்று ஆண்டு அவன் வீட்டில் வளர்ந்த சிறுவன் இகெமெஃபுனா. அவனைக் கொல்ல வேண்டும் என்று குறி சொல்லிவிடுகிறது. ‘உன்னை அப்பா என்கிறான், இவன் சாவில் கை வைக்காதே’ என்று முதியவர் எஸெயூடு முன்பே எச்சரிக்கிறார். காட்டில் முதல் வெட்டு விழும்போது ஒகொன்க்வோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பையன் அவனை நோக்கி ஓடிவர, கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் தானே வெட்டுகிறான். பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, கள்ளுதான். கொடூரன் என்று மட்டும் எழுதி அவனை முடித்துவிடாதீர்கள்.

மகன் ந்வோயெ வாய் திறப்பதில்லை. அவனுக்குள் ஏதோ அறுந்துபோகிறது. பின்னால் அவன் பாதிரிமாரிடம் போய்ச் சேர்வதற்கு வேர் இங்கே இருக்கிறது. இந்தத் தொடர்பை விடையில் கட்டாயம் காட்டுங்கள். நண்பன் ஓபியெரிகாவோ கொல்லப் போகாமலே வீட்டில் இருந்துவிடுகிறான். குறி சொன்னதை மறுக்கவும் மாட்டேன், என் கையால் செய்யவும் மாட்டேன் என்பது அவன் நிலை. என்னைக் கேட்டால் நாவலிலேயே மிகவும் சங்கடப்படுத்தும் நிலை அதுதான். நல்லவன், ஆனால் தடுக்கவில்லை. இதை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

வெள்ளையர் செய்த அபாமே ஊர் அழிப்பு, ஊரார் செய்த தேவாலய எரிப்பு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு வரி போதும்.

கடைசி அத்தியாயத்துக்கு நேரம் மிச்சம் வையுங்கள். தூக்கில் தொங்கும் ஒகொன்க்வோவை வெள்ளைக்கார மாவட்ட ஆணையரிடம் காட்டி, நீங்கள்தான் இவரைச் சாகத் துரத்தினீர்கள் என்று ஓபியெரிகா வெடிக்கிறான். ஆணையரோ, இந்தச் சாவைத் தன் புத்தகத்தில் ஒரு பத்தியாக எழுதலாமா என்று யோசித்தபடி நடக்கிறார். அதுவும் வன்முறைக்கான எதிர்வினைதான். அவருக்கென்று தனியாக நாலு வரி எழுதுங்கள்.